குட்டையை அமுக்கிய அத்தை

என் அத்தை இந்த உலகத்தைக் காப்பாற்றியவள். சும்மா சொல்லவில்லை. இன்றைக்குக் காலையில் எழுந்து பல் துலக்கினீர்களே, அது அவள் போட்ட பிச்சை. எத்தனை தடவை காப்பாற்றினாள் என்று அவளே எண்ணி வைக்கவில்லை. ஒரே ஒரு தடவை மட்டும் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனாள், வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டதால். அன்றைக்கு உலகம், அரக்கனின் வாய்க்கு உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக, அத்தை சாப்பிட்டுத் தட்டுக் கழுவி வரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தது. சூரியனுக்கே பார்வை மங்கினாலும் என் அத்தையிடம்தான் வந்தாக வேண்டும். வரிசையில் நின்றுதான் வர வேண்டும்.

இப்படிப்பட்டவளைத் தெருவில் பார்த்தால் நீங்கள் ஒதுங்கிக்கூட வழிவிட மாட்டீர்கள். மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் வேலை. கடையின் முன்பக்கம் முழுக்க விளக்கும் பளபளப்பும். பின்னறையில் ஒரு ஜன்னல், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு தேய்க்கிற மெஷின். வட்டமாக வருகிற லென்ஸை எடுத்து, நடுப்புள்ளி பார்த்து, பேனாவால் பொட்டு வைத்து, ஃப்ரேமின் வடிவத்துக்குச் சக்கரத்தில் தேய்த்து, ஓரத்தை மழுக்கிப் பொருத்திக் கொடுப்பாள். சக்கரம் சுற்றும்போது அதன்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கும். தூளும் தண்ணீரும் சேர்ந்து வெள்ளைச் சேறாகி அவள் நகக்கண்ணில் போய் உட்காரும். அது எந்தச் சோப்புக்கும் மசியாது. சத்தம் வேறு. அந்தச் சத்தத்தில் இடி விழுந்தால், இடிதான் வெட்கப்பட்டுத் திரும்பிப் போக வேண்டும்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "எவனும் குட்டையை அமுக்கல" என்பாள். கேட்டவர்கள் விழிப்பார்கள். குட்டை என்றால் தண்ணீர் தேங்குகிற குட்டை இல்லை. அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

அத்தையும் அவள் தங்கையும் என் அப்பாவும் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, கப்பலில் வேலை பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் ஒரு வீடியோ கேம் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். கூடவே ஒரே ஒரு கேசட். வாளும் மந்திரமும் அரக்கனும் உள்ள பெரிய கதை ஆட்டம். எழுத்து முழுக்க ஜப்பான் மொழி. ஆட்டத்தின் பெயரே தெரியாது. விளக்கைக் கையில் ஏந்தி வீரனுக்கு வழிகாட்டிக்கொண்டு ஒருத்தி வருவாள். அதனால் வீட்டில் ஆட்டத்துக்கே 'விளக்குக்காரி' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

அந்த வீட்டில் ஒரு ஜப்பான் எழுத்துகூடத் தெரிந்தவர் கிடையாது. ஆனாலும் ஆடினார்கள். பொத்தான் வைத்த கட்டையைப் பிடித்து ஆடுவது அத்தை. டிவிக்குப் பின்னால் லூசாகிப் போன ஒயரைப் பிடித்துக்கொண்டு நிற்பது அப்பா. அத்தையின் தங்கை, எனக்குச் சின்னத்தை, அளவில் சின்னதாக இருந்ததால் 'குள்ளி'. அவள் வேலை வசனம். திரையில் கோழி கிண்டியது மாதிரி எழுத்து ஓடும்போது, ஏதோ படிக்கத் தெரிந்தவள் போல விரலை வைத்துத் தமிழில் படிப்பாளாம். ராஜா வாயைத் திறந்தால், "வாய்யா மாப்ள, வர்றதுக்கு இவ்ளோ நேரமா? வாள் கொண்டாந்தியா, இல்ல கையை வீசிட்டு வந்தியா?" அரக்கன் வந்தால், "டேய், யாரு வீட்டு வாசல்ல செருப்போட நிக்கிறே?"

ஆட்டம் அடிக்கடி ஏதாவது கேட்கும். கேட்டுவிட்டு இரண்டு பதிலைக் காட்டும். ஒன்று இரண்டே எழுத்து. இன்னொன்று மூன்று எழுத்து. இரண்டெழுத்துக்குக் குட்டை, மூன்றெழுத்துக்கு நெட்டை. குட்டையை அமுக்கினால் கடைக்காரன் பொருள் கொடுப்பான், படகுக்காரன் ஏற்றிக்கொள்வான், கதவு திறக்கும். நெட்டையை அமுக்கினால் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார்கள். ஆகவே அத்தை ஒரு சட்டம் போட்டாள்: எவன் எதைக் கேட்டாலும் குட்டை. அதிலிருந்து, கேள்வி என்னவென்றே தெரியாமல் யாராவது தலையாட்டிவிட்டு மாட்டிக்கொண்டால் எங்கள் குடும்பத்தில், "குட்டையை அமுக்கிட்டு வந்திருக்கான்" என்றுதான் பேச்சு.

ஆட்டம் முடியப்போகிற இடத்தில் ஒரு குகை. வாசலில் விளக்குக்காரி நின்று நீளமாக ஏதோ சொன்னாள். கடைசியில் குட்டையும் நெட்டையும் வந்து நின்றன.

குள்ளி மட்டும், "அக்கா, நெட்டையை அமுக்குக்கா. அவ அழற மாதிரி இருக்கு" என்றாளாம்.

"நாலு கட்டம் சேந்தா அவளுக்கு மூஞ்சி. அதுல அழுகை எங்கடி தெரியுது?" என்று சொல்லிவிட்டு அத்தை குட்டையை அமுக்கினாள்.

விளக்குக்காரி குகை வாசலிலேயே நின்றுவிட்டாள். வீரன் இருட்டுக்குள் தனியாகப் போனான். அவள் அப்புறம் வரவே இல்லை. திரும்பிப் போய் மாற்றலாம் என்றால் ஆட்டம் அந்த இடத்தோடு தன்னைப் பதிவு செய்துகொண்டுவிட்டது. அன்றையிலிருந்து குள்ளி வசனம் படிக்கவில்லை. மீதி உலகம் ஊமையாகத்தான் காப்பாற்றப்பட்டது.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் கொஞ்ச காலமாக அத்தையின் கண்காணிப்பில் இருக்கிறேன். கம்ப்யூட்டர் வகுப்பில் எல்லாக் கீபோர்டிலும் எழுத்துகளைப் பிடுங்கி இடம் மாற்றி வைத்தது யார் என்று ஒரு விசாரணை நடந்தது. விசாரணை நேராக என்னிடம் வந்து நின்றது. வகுப்பு நின்றது. அப்பா என்னைக் கண்ணாடிக் கடையில் கொண்டுவந்து உட்காரவைத்தார். "இந்த வாலு உன் கண்ணு முன்னாடியே கெடக்கட்டும்க்கா." முன்பக்கம் மாட்டியிருக்கும் ஃப்ரேம்களைத் துடைப்பது என் வேலை. முதல் வாரமே முதலாளியின் கண்ணாடியிலிருந்து லென்ஸ் இரண்டையும் கழற்றிவிட்டு ஃப்ரேமை மட்டும் வைத்தேன். மனுஷர் அதை மாட்டிக்கொண்டு மதியம்வரை, "இன்னிக்கு எல்லாம் பளிச்சுன்னு தெரியுது" என்று மகிழ்ந்திருந்தார். அத்தை பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் வெளியே வந்து என் காதைத் திருகினாள். அவளிடம் எல்லாம் அந்த வரிசையில்தான்.

ஒருநாள் கண்ணாடி வாங்க வந்த ஒரு காலேஜ் பையன் காத்திருந்த நேரத்தில் போனில் சத்தமாக ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். பின்னறையில் மெஷின் அப்போதுதான் நின்றது. அடுத்த நிமிஷம் அத்தை ஈரக்கையோடு முன்னால் வந்து நிற்கிறாள்.

"தம்பி, அந்தப் பாட்டு எங்கேர்ந்து வருது?"

பையன் போனைத் திருப்பிக் காட்டினான். மழை. குகை. விளக்கை ஏந்திக்கொண்டு ஒருத்தி. முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காற்றில் பறக்கிறது.

"ஐயோ, இவளுக்கு மூக்கு இருக்கு!" என்றாள் அத்தை.

"ரீமேக் ஆன்ட்டி. பழைய கேமைப் புதுசா எடுத்திருக்காங்க."

"பழசுன்னா?"

"ரொம்பப் பழசு. நான் பொறக்கறதுக்கெல்லாம் முன்னாடி. அப்ப ஆடின யாரும் இப்ப இருப்பாங்களான்னே தெரியல."

அத்தை அவனை மேலும் கீழும் பார்த்தாள். "உன் கண்ணாடி நாளைக்குத்தான் ரெடியாகும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அது அப்போதே ரெடியாகித்தான் இருந்தது.

கடை விடுமுறை நாளில் கேம் பெட்டி, கட்டை, ரீமேக் எல்லாம் அவள் வீட்டில் வந்து இறங்கின. எங்கள் வீடு மாடியில், அவளுடைய இரண்டு அறை நேர் கீழே. அப்பாவும் நானும் இறங்கிப் போனோம்.

"ஒயர் பிடிக்க வேண்டாமாக்கா?" என்று கேட்டார் அப்பா.

"இப்ப ஒயரே இல்லடா."

"அப்ப எனக்கு என்ன வேலை?"

"எப்பவும் இருந்த வேலைதான். மறைக்காம தள்ளி உக்காரு."

இந்தத் தடவை எழுத்தெல்லாம் இங்கிலீஷில் வந்தது. நான்தான் உரக்கப் படித்துத் தமிழில் சொன்னேன். ராஜா சிம்மாசனத்தில் எழுந்து நின்று கையை நீட்டினார். "வடக்குக் கோட்டை வீழ்ந்தது. பேரரசின் விதி இனி உன் கையில்."

"அவ்ளோதானா?" என்றாள் அத்தை.

"அவ்ளோதான் எழுதியிருக்கு."

"மாப்ளன்னு கூப்பிடல?"

"இல்ல அத்தை."

"இத்தனை வருஷமா இந்தாளை நல்ல மனுஷன்னு நெனச்சிட்டிருந்தேன். ஒரு வா தண்ணி குடிக்கிறியான்னுகூடக் கேக்க மாட்டேங்கறானே."

ஆட்டம் முழுக்க இப்படியே போனது. மலை அழகாக இருந்தது, கடல் அழகாக இருந்தது, அரக்கனின் பல்லில் எச்சில்கூட மின்னியது. ஆனால் யார் வாயைத் திறந்தாலும் அத்தையின் முகம் கொஞ்சம் சுருங்கும். உண்மையான வசனத்தை இப்போதுதான் கேட்கிறாள். அதில் ஒன்றுகூடக் குள்ளி படித்தது இல்லை.

அப்பா பாதியிலேயே தூங்கிப்போனார். பல சாயங்காலங்கள் போய், ஒருநாள் குகை வந்தது. மழையில் நனைந்துகொண்டு விளக்குக்காரி திரும்பி நின்றாள். நான் படித்தேன்.

"உள்ளே காற்று பலமாக இருக்கிறது. என் விளக்கு அணைந்தால் உனக்குச் சுமையாகிவிடுவேன். நான் இங்கேயே நின்றுவிடட்டுமா?"

அவ்வளவுதான் கேள்வி. கீழே இரண்டு பதில். சரி. வேண்டாம்.

அத்தை கட்டையை மடியில் வைத்துவிட்டாள். "குள்ளி அன்னிக்கே சொன்னா" என்றாள் அப்புறம்.

"அதான் இப்பத் தெரிஞ்சிருச்சே அத்தை. நெட்டையை அமுக்கு. கூட வரட்டும்."

"அமுக்க வேண்டியவ நான் இல்லடி."

பெட்டியை அணைக்கவும் மாட்டேன் என்றாள். அதற்குப் பிறகு நான் எப்போது கீழே போனாலும் டிவியில் விளக்குக்காரி நின்றுகொண்டிருப்பாள். பழைய ஆட்டத்தில் அவள் மரப்பாச்சி மாதிரி நிற்பாளாம். இதில் மூச்சு விடுகிறாள். கண் சிமிட்டுகிறாள். கால் வலித்தவள் போல மாற்றி மாற்றி நிற்கிறாள். விளக்கை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுகிறாள். ஒருத்தி பதிலுக்காகக் காத்திருப்பது அப்படியே தெரிகிறது. இந்த ரீமேக்கை எடுத்த புண்ணியவான்கள் இவ்வளவு நன்றாக எடுத்திருக்க வேண்டாம்.

சின்னத்தை விஷயம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும். அவள் எங்கோ தூரத்து நகரத்தில் இருக்கிறாள். நல்லது கெட்டதெல்லாம் அப்பாவோடு பேசுவாள். அத்தையோடு பேசுவதில்லை. ஏன் என்று அப்பாவைக் கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சொன்னார். சின்னத்தைக்குத் தூரத்தில் வேலை கிடைத்தது. அக்கா சரியென்றால்தான் போவேன் என்று நின்றாள். அத்தை ஒவ்வொரு நாளும், "அப்புறம் பேசலாம், அப்புறம் பேசலாம்" என்று தள்ளினாள். முடிவு சொல்ல வேண்டிய நாளும் வந்துவிட்டது. சின்னத்தை கடைக்கே போய்ப் பின்னறையில் அத்தையின் முதுகுக்குப் பின்னால் நின்று, "அக்கா, நான் போகட்டுமா?" என்று கேட்டாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை திரும்பாமலே, "ம்" என்றாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அலமாரியில் பாதி காலி.

"அக்கா என்ன நெனச்சுதுன்னா, வீட்டுக்குப் போகட்டுமான்னு கேக்கறான்னு" என்றார் அப்பா. "ஆனா நம்மாளுங்க யாராவது போகட்டுமான்னு கேப்பாங்களா? போயிட்டு வரட்டுமான்னுதானே கேப்போம். அந்த 'வரட்டுமா' இல்ல. சத்தத்துல அக்காவுக்கு அது தெரியல."

"சின்னத்தைகிட்ட அதைச் சொல்லலியா?"

"சொல்லுச்சு. 'நீதானே போகச் சொன்னே'ன்னா அவ. 'நான் எப்படி சொன்னேன்'னுச்சு இது. அதோட சரி. ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததாச்சே, விட்டுக்கொடுக்குமா?"

எனக்குக் கை அரித்தது. அப்பாவின் போனில் சின்னத்தையின் நம்பரை எடுத்துக் கூப்பிட்டேன். விளக்குக்காரி திரும்ப வந்திருக்கிறாள், இதில் வேறு வேறு ஊரிலிருந்தும் இரண்டு பேர் சேர்ந்து ஆடலாம், அத்தை குகை வாசலில் நிற்கிறாள், நீங்கள் வந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரே மூச்சில் ஒப்பித்தேன். நாலு வரி திட்டு விழுந்தது. அப்புறம் டொக். வைத்துவிட்டாள்.

வராதவள் வரவில்லை என்பதற்காக ஒரு காரியம் நின்றுவிடலாமா? மாடியில் அப்பாவின் பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதில் ஆட்டத்தை ஏற்றினேன். பெயர் கேட்ட இடத்தில் 'குள்ளி' என்று போட்டேன். கீழே இருக்கும் அத்தைக்கு, சேர்ந்து ஆடலாமா என்று அழைப்பு அனுப்பிவிட்டு, காதைத் தரையில் வைத்துப் படுத்தேன்.

கீழே ஏதோ விழுந்த சத்தம். நாற்காலியாக இருக்க வேண்டும். அப்புறம் திரையில் அத்தையின் வீரன் வந்து என் வீரன் முன்னால் நின்றான். நின்றுகொண்டே இருந்தான். நான் ஒரு குதி குதித்தேன். அவனும் ஒரு குதி குதித்தான்.

அடுத்த நாள் கடையில் அத்தை முணுமுணுத்துக்கொண்டே லென்ஸுக்குப் பொட்டு வைத்தாள். அந்த ஆட்டத்தின் பாட்டு. ஒரு வாடிக்கையாளரிடம், "உங்க மூக்கு ரொம்ப நல்ல மூக்கு" என்று சொன்னாள். அந்த மனுஷர் வீடுவரை மூக்கைத் தடவிக்கொண்டு போயிருப்பார்.

"என்ன அத்தை, ஒரே குஷி?" என்றேன், ஃப்ரேமைத் துடைத்துக்கொண்டே.

"உன் வேலையப் பாரு."

தினமும் கடை அடைத்ததும் ஆடினோம். சேர்ந்து ஆடினால் ஆட்டம் புல்வெளியிலிருந்துதான் தொடங்கும். குகைப் பக்கம் அவள் போகவில்லை. புல்வெளியில் நத்தை அடிப்போம், ஆற்றில் மீன் பிடிப்போம், புதையல் பெட்டி திறப்போம். பேச்சு குறைவு. கட்டையால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்க வேண்டும் என்பதால் அவள், 'வா', 'இங்க', 'பாத்து' என்றுதான் எழுதுவாள். எனக்கு அது வசதி. அவள் சாக இருந்தபோதெல்லாம் ஓடிப்போய் மருந்து கொடுத்தேன். பெட்டியில் நல்ல வாள் கிடைத்தால், 'நீ எடுத்துக்கோக்கா' என்றேன். ஊரில் யாரும் என்னை இவ்வளவு நல்லவளாகப் பார்த்ததில்லை. நானே பார்த்ததில்லை.

ஒரு சாயங்காலம் அவள் வீரன் புல்வெளியில் நிற்கவில்லை. நடந்துகொண்டே இருந்தான். நானும் பின்னால் போனேன். மழை ஆரம்பித்தது. குகை வந்தது. விளக்குக்காரி எங்கள் இரண்டு பேரையும் பார்த்து அதே கேள்வியைக் கேட்டாள். இரண்டு பேர் ஆடினால் இரண்டு பேரும் ஒரே பதில் சொன்னால்தான் ஆட்டம் நகரும். நான் சட்டென்று நெட்டையை அமுக்கிவிட்டுக் காத்திருந்தேன்.

அத்தை எதையும் அமுக்கவில்லை. பேச்சுப் பெட்டி திறந்தது. மூன்று புள்ளிகள் வந்து வந்து போயின. அவள் எழுதுகிறாள். மழை பெய்துகொண்டே இருக்கிறது. விளக்குக்காரி கை மாற்றுகிறாள். அவள் எழுதுகிறாள்.

'அன்னிக்கு நீ கேட்டது வீட்டுக்குப் போகன்னு நெனச்சேன்னு உங்கிட்ட சொன்னேன். பொய். எனக்குக் கேட்டுச்சு. வரட்டுமான்னு நீ சொல்லாததும் கேட்டுச்சு. நில்லுன்னா நின்னுருப்பே. அப்புறம் வாழ்நாள் பூரா என்னாலதான் நின்னேன்னு என்னப் பாப்பே. அதுக்குப் பயந்து சக்கரத்தையே பாத்துட்டு ம்னு சொன்னேன். நான் திரும்பியிருக்கணும் குள்ளி.'

இது எனக்கு வந்தது இல்லை. யாருக்கோ போக வேண்டிய பொட்டலத்தை வாசலில் வாங்கிப் பிரித்துவிட்டேன். இதற்குக் குள்ளி என்ன சொல்லுவாள் என்று எனக்குத் தெரியாது. பதில் வராமல் விட்டாலும் அத்தை உடைந்துபோவாள் என்று தோன்றியது. அவசரத்தில் தட்டினேன்.

'பரவால்லக்கா. அதெல்லாம் நான் எப்பவோ மரந்துட்டேன்.'

அவள் வீரன் அப்படியே நின்றான். பேச்சுப் பெட்டி மூடிக்கொண்டது. கீழே கதவு திறந்தது. படியில் செருப்புச் சத்தம். கம்ப்யூட்டரை அணைக்கலாம் என்று தாவினேன். அது பழைய கம்ப்யூட்டர், அணைவதற்குள் ஒரு தலைமுறை போய்விடும். நிமிர்ந்தால் அத்தை வாசலில்.

"மறந்துட்டேங்கறதுல எதுக்குடி மரத்தை நட்டு வச்சிருக்கே?"

நான் கீபோர்டைத் தள்ளி வைத்தேன்.

"மூணெழுத்து தாண்டினா ஒரு தப்பு. இந்த லட்சணத்துல ஆள்மாறாட்டம் வேற."

"எப்பக் கண்டுபிடிச்சே அத்தை?"

"ரெண்டாவது நாளே. பெட்டியத் தெறந்ததும் தள்ளி நின்னு, நீ எடுத்துக்கோக்கான்னே. குள்ளியாவது எனக்கு விட்டுக்கொடுக்கறதாவது! பங்கு பிரிக்கறப்ப என் கையைக் கடிச்சவடி அவ."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நல்லாத்தான் ஆடினே." அத்தை உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். கோபம் இருக்கிற மாதிரி தெரியவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வெள்ளைச் சேறு ஒட்டிய நகத்தை இன்னொரு நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"நான்னு தெரிஞ்சுமா இன்னிக்கு அதையெல்லாம் எழுதினே?"

"யாருகிட்டயாவது ஒருதரம் சொல்லிப் பாக்க வேண்டாமா? கை நடுங்காம வருதான்னு." விரல்களை விரித்துப் பார்த்தாள். "வரல."

திரையில் விளக்குக்காரி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். இருவரும் அவளைப் பார்க்காத மாதிரி இருந்தோம்.

"நெஜக் குள்ளிகிட்டக் கேட்டியா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"பாக்கலாம்னாங்க."

அத்தை என்னைப் பார்த்தாள். கோணலான ஃப்ரேமை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. "பாக்கலாம்னு சொல்ற ஆளே இல்ல அவ. ஒண்ணு ஆமா, ஒண்ணு இல்ல. மழுப்பாதே."

"முடியாதுன்னுட்டாங்க அத்தை. திட்டினாங்க."

"என்னான்னு திட்டினா?"

"அதெல்லாம் எதுக்கு?"

"வார்த்தைக்கு வார்த்தை சொல்லு."

வேறு வழியில்லை. சின்னத்தையின் குரலை விட்டுவிட்டு வார்த்தையை மட்டும் சொன்னேன். "'இந்த வயசுல விளையாட்டா? எனக்கு நேரமில்ல. நாள் பூரா லென்ஸப் பாத்துட்டு, வீட்டுக்கு வந்து டிவிய வேற மொறச்சிட்டு உக்காந்தா கண்ணு என்னத்துக்காகும்? போய்ச் சொல்லு'ன்னாங்க. வச்சுட்டாங்க."

அத்தையின் நகம் சுரண்டுவது நின்றது.

"கடைசியா என்ன சொன்னா?"

"வச்சுட்டாங்க."

"அதுக்கு முன்னாடி."

"போய்ச் சொல்லுன்னாங்க."

"யாருகிட்ட?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "உங்கிட்ட" என்றேன்.

"இத்தனை வருஷத்துல அவ எனக்குன்னு சொல்லியனுப்புன ஒரே வார்த்தைடி அது" என்றாள் அத்தை. "அதை முழுங்கிட்டு, அவ பேர வச்சுக்கிட்டு, எனக்கு மீன் பிடிச்சுக் குடுத்துட்டு இருந்தியா நீ?"